ஒரு குப்பி எண்ணெயும் நூறு ஸலவாத்தும்

1

கல்முனையிலும் மருதமுனையிலும் இலங்கையின் அந்தக் கிழக்குக் கரை நெடுகிலும் இதை வாசிக்கிற எல்லோருக்கும் ஸலாம். நான் எழுதிப் பழகியவன் இல்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். இந்த வளைகுடா நகரத்தில் வீடு வீடாகப் போய் நல்ல தண்ணீர் இறக்கும் லொறி ஓட்டுகிறேன். போன செவ்வாய்க்கிழமை நடந்த ஒரு சின்ன விஷயம் மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அதைச் சொல்லப் போனால் எட்டு வருஷத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மனைவி சல்மாவுக்கு ஒரு வருத்தம், தீராத நோய். சீனி வருத்தம் இல்லை. எங்களுடைய மூளைக்கு அடியில் ஒரு கடலை அளவில் ஒரு சுரப்பி இருக்கிறதாம். அதிலிருந்து வருகிற ஒரு பொருள்தான் உடம்பில் உள்ள தண்ணீரை வெளியே ஓடவிடாமல் பிடித்து வைக்கிறது. சல்மாவுக்கு அது வருவதில்லை. அதனால் குடிக்கிறதெல்லாம் குடித்த வேகத்திலேயே வெளியே போய்விடும், தாகம் நிற்காது. மருந்து போடாத நாளில் ஒரு நாளைக்கு இரண்டு குடம் தண்ணீர் குடித்திருக்கிறாள். இங்கே கூட வேலை செய்கிற டிரைவர்மார் என்னைக் கேலி பண்ணுவார்கள், தண்ணீர் லொறிக்காரன் வீட்டுக்கே ஒரு லொறி தண்ணீர் போகிறது என்று.

இதற்கு மருந்து உண்டு, அல்ஹம்துலில்லாஹ். எண்ணெயில் கலந்த ஊசி மருந்து. சுண்டுவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பியில் வரும். சதைக்குள் ஆழமாகப் போட வேண்டும். எண்ணெய் என்றபடியால் மெல்ல மெல்ல ஊறி, ஒரு ஊசி இரண்டு நாள், சில வேளை மூன்று நாள் தாங்கும். தாகம் திரும்பி வந்தால் அடுத்த ஊசி.

செவ்வாய்க்கிழமை வீட்டில் ஒரேயொரு குப்பிதான் மிச்சம். ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்க மருந்துப் புத்தகத்தோடு வதிவிட அட்டையும் காட்ட வேண்டும். எங்கள் அட்டையின் காலம் அன்றோடு முடிகிறது. புது அட்டை இல்லையென்றால் புது மருந்து இல்லை. அன்றைக்குத்தான் சல்மாவுக்குத் தாகம் திரும்புகிற நாளும். ஊசி போடுகிறவன் நான். நானோ குடிவரவுக் கந்தோர் வரிசையில் நூற்றுச் சொச்சம் பேருக்குப் பின்னால் நிற்கிறேன். வீட்டில் சல்மாவும், பதினான்கு வயது மகள் நுஸ்ரத்தும் மட்டும்.

அந்த ஒரு குப்பி வீணாகிவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் ஒரு காலத்தில் ஒரு பெட்டி முழுக்க வீணாக்கியவன் நான்தான்.

2

இந்த வருத்தம் வந்ததற்குக் காரணமும் என் சைக்கிள்தான். மருதமுனையில் சைக்கிள் இல்லாத வீடு ஏது? எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டு, சல்மாவைக் கரியரில் ஏற்றிக்கொண்டு கல்முனை பஸாருக்குப் போனேன். நுஸ்ரத்துக்கு அப்போது ஐந்து வயது, சல்மாவின் தாயான மாமியோடு வீட்டில் நின்றாள். வழியில் ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது. நான் வெட்டித் திருப்பினேன். சல்மா விழுந்து, மதகுக் கட்டில் பின்மண்டை அடிபட்டது. இரத்தம் பெரிதாக இல்லை. எழும்பி இருந்து முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டு அவள் முதலில் கேட்டது ஆட்டைப் பற்றித்தான்.

"மச்சான், ஆட்டுக்கு ஒண்டுமில்லையே?"

நானும் சிரித்துவிட்டேன். இரண்டு கிழமைக்குள் தாகம் தொடங்கியது. கூசாவில் தண்ணீர் வைத்தால் காலையில் காலி. இரவில் பத்து முறை எழும்புவாள். ஓதிப் பார்த்தோம், நூல் கட்டினோம். சீனி என்றார்கள், சோதித்தால் சீனி இல்லை. கல்முனையிலிருந்து மட்டக்களப்பு, அங்கிருந்து கொழும்பு. கொழும்பில் ஒரு வைத்தியர் அவளைத் தண்ணீர் குடிக்கவிடாமல் சில மணி நேரம் இருத்தி, மூத்திரத்தை அளந்து அளந்து பார்த்து, இதுதான் வருத்தம் என்று பேர் சொன்னார். மருந்து உண்டு, ஆனால் தேடினாலும் இங்கே ஒழுங்காகக் கிடைக்காது என்றார்.

அடுத்த வருஷம் நான் கடல் கடந்தேன். ஊரில் பலரும் வீடு கட்டவும் மகளுக்குச் சீதனம் சேர்க்கவும் போனார்கள். நான் அந்தக் குப்பிக்காகப் போனேன். அல்லாஹ் அதற்கு வழி வைத்திருந்தான்.

3

வரிசை நகரவில்லை. மூன்றாம் கவுண்டரில் இருந்தவர் மீசைக்காரர். என் முறை வந்ததும் மரியாதையாக அரபியில் கதைக்கப் போய், ஆண்பிள்ளையிடம் 'அன்த' என்று சொல்வதற்குப் பதிலாகப் பெண்களிடம் சொல்கிற 'அன்தி'யைப் போட்டுவிட்டேன். எட்டு வருஷம் இந்த நாட்டில் இருந்தும் அந்த ஒரு எழுத்து இன்னும் என் வாயில் சரியாக நிற்பதில்லை. பின்னால் நின்ற எகிப்துக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். மீசைக்காரர் சிரிக்கவில்லை. என் தாள்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். பாஸ்போட்டில் 'சல்மா உம்மா', பழைய அட்டையில் 'சல்மா' மட்டும். இரண்டும் ஒரே ஆள் என்பதற்கு முதலாளியிடமிருந்து ஒரு கடிதம் வேண்டுமாம். முதலாளியின் கந்தோர் நகரத்தின் மற்றப் பக்கம். மத்தியானம் லுஹருக்குப் பிறகு திரும்பி வா என்றார்.

போகிற வழியில் ஒரு தேநீர்க் கடையில் டெலிபோன் இருந்தது. வீட்டுக்கு எடுத்தேன். நுஸ்ரத்தான் எடுத்தாள். உம்மாவுக்குத் தாகம் வந்துவிட்டதா என்று கேட்டேன்.

"யா."

"எவ்வளவு குடிச்சா?"

"நிறைய. எழுதி வெச்சிரிக்கன். ஐ நோ வாப்பா. ஐ நோ."

வைத்துவிட்டாள்.

இப்படித்தான் இப்போது. சிநேகிதிகளோடு அரபியும் இங்கிலீசும் மழை மாதிரிப் பொழிவாள். எங்களோடு 'யா', 'ஓகே', 'ஐ நோ'. ஊரிலிருந்து மாமி அனுப்புகிற கசெட்டுகளைப் போட்டால் எழும்பி உள்ளே போய்விடுவாள், கிறீச் கிறீச் என்று காதைக் குத்துகிறதாம். கல்முனை எங்கே இருக்கிறது என்று டீச்சர் கேட்டதற்கு, கொழும்புக்குப் பக்கத்தில் என்று சொல்லிவிட்டு வந்தவள். நான் கோபித்தபோது, அவர்களுக்குக் கொழும்பே தெரியாது வாப்பா, பிறகு எதற்கு என்றாள். 

நான் போக முந்தி அவளே ஊசி போடத் துணிந்தால், அவள் கையில் அந்தக் கடைசிக் குப்பி. சோடாப் போத்தல் கிடைத்தால் நுரை பொங்க ஆட்டிச் சிநேகிதிகளுக்கு மேல் அடிக்கிற பிள்ளை. அல்லது அவசரத்தில் ஆட்டவே மறந்துபோகிற பிள்ளை. எதைச் செய்வாள் என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் இருந்தேன். உதடு தன்பாட்டில் நபி பேரில் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டிருந்தது.

4

முதல் பெட்டியின் கதையைச் சொல்கிறேன். இதைத்தான் ஊர் ஆட்கள் கவனமாக வாசிக்க வேண்டும்.

இங்கே வந்து ஐந்தாம் மாதம், ஆஸ்பத்திரி வைத்தியரிடம் கொழும்புக் கடிதத்தைக் காட்டிக் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பெட்டி மருந்துக்குத் துண்டு எழுதுவித்து வாங்கினேன். மருதமுனை ஜலீல் லீவில் போகிறான். அவனிடம் கொடுத்தேன். கண்ணாடி உடைந்துவிடுமே என்ற ஒரே பயம் எனக்கு. விமான நிலையத்தில் மூன்று தரம் சொன்னேன், "தம்பி, ஆட்டாம அசைக்காம கொண்டு போ." கசெட்டிலும் அதையே பேசி அனுப்பினேன், குப்பிகளை ஆட்டாமல் வையுங்கள் என்று. எப்படிப் பாவிப்பது என்று ஒரு சொல் சொல்லவில்லை. அதற்குத்தான் பெட்டிக்குள் தாள் இருக்கிறதே என்று நினைத்தேன்.

கட்டுநாயக்கா விமான நிலையச் சுங்கத்தில் பெட்டியைப் பிரித்தார்களாம். குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது என்ன என்று கேட்டார்களாம். ஜலீல் எண்ணெய் என்றானாம். தலைக்கு வைக்கிற எண்ணெயா, சமைக்கிற எண்ணெயா என்று கேட்டு, ஊசி எண்ணெய் என்றதும் இன்னும் குழம்பி, பெரியவர் ஒருவரைக் கூப்பிட்டு, கடைசியில் விட்டுவிட்டார்கள். ஆனால் பிரித்த பெட்டிக்குள் அந்தத் தாளைத் திருப்பி வைக்க மறந்துவிட்டார்கள்.

இப்போது என் மாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாமி வீட்டில் தேங்காய் எண்ணெய் காய்ச்சி வடிக்கிறவர். அந்தத் தெருவில் அவருடைய எண்ணெய்க்குத் தனிப் பேர். காய்ச்சிய எண்ணெயை அசையாமல் வைத்து, மண்டி எல்லாம் அடியில் இறங்கிய பிறகு மேலால் தெளிந்ததை மட்டும் ஊற்றி எடுப்பார். என் குப்பிகள் போய்ச் சேர்ந்ததும் அவர் செய்த முதல் வேலை, அரிசிப் பெட்டிக்குள் அவற்றை நிமிர்த்தி நட்டு வைத்ததுதான். ஆட்டாமல் வை என்று மருமகன் சொல்லிவிட்டாரே. இரண்டாம் நாள் பார்த்தால் ஒவ்வொரு குப்பியின் அடியிலும் கடுகளவு ஒரு கபில நிறப் பொட்டு. மேலே தெளிந்த எண்ணெய். மாமிக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

ஊசி போட வந்தவர் பெரியநீலாவணையில் இருந்து எங்கள் பக்கம் வருகிற டிஸ்பென்சர் ஐயா. சல்மாவின் வாப்பாவுக்கும் ஊசி போட்டவர், நாங்கள் கண்போல மதிக்கிறவர். அவருக்கும் இந்த மருந்து புதிது. தாள் எங்கே என்று கேட்டார், தாள் இல்லை. அடியில் என்னவோ இருக்கிறதே என்று தயங்கினார். மாமி விடவில்லை.

"ஐயா, எண்ணெய் வடிக்கக்குள்ள மண்டிய ஆரும் போத்தலுக்குள்ள ஊத்துவாங்களா? மருமகனும் ஆட்ட வேணாமெண்டுதான் சொல்லியிரிக்காரு. மேலால தெளிஞ்சத இழுங்க."

ஐயா இழுத்தார். பொட்டைக் குப்பியிலேயே விட்டார்.

இரண்டு மாதம். ஒன்றுவிட்டொரு நாள், அந்தத் தடித்த ஊசி, அந்தக் கடுப்பு. தாகம் அப்படியே. சல்மா எனக்கு எழுதவில்லை. மனிதன் இதற்காகத்தான் பாலைவனத்தில் காய்கிறான், வேலை செய்யவில்லை என்று எப்படிச் சொல்வது என்று மறைத்துவிட்டாள். கடிதத்தில் 'சுகம், சுகம்' என்றுதான் வரும். பிறகு ஒரு கசெட் வந்தது. அரை மணிப் பக்கம். அதில் பிள்ளையின் பள்ளிக்கூடக் கதை, பக்கத்து வீட்டுக் கலியாணக் கதை. எல்லாம் சிரித்துச் சிரித்துத்தான் கதைக்கிறாள். ஆனால் இடையிடையே நிற்கிறாள். மடக் மடக் என்று ஒரு சத்தம். பிறகு மூக்குப்பேணியை மேசையில் வைக்கிற சத்தம். நான் கசெட்டைத் திருப்பிப் போட்டு எண்ணினேன். ஒரு பக்கத்தில் ஒன்பது தரம். கடைசியில் கிணற்றுக் கப்பி சுழலுகிற சத்தமும் கேட்டது. தண்ணீர் முடிந்து அள்ளப் போயிருக்கிறாள்.

அடுத்த நாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வைத்தியர் இல்லை. மருந்து கொடுக்கிற இடத்தில் ஒரு மலையாளத்து சிஸ்டர் இருந்தார். உங்கள் மருந்து வேலை செய்யவில்லை என்று சத்தம் போட்டேன். அவர் கோபிக்கவில்லை. எப்படிப் போட்டார்கள் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவர் ஒரு குப்பியை எடுத்து அடியில் இருந்த பொட்டைக் காட்டினார். இதுதான் மருந்து, மற்றது வெறும் எண்ணெய் என்றார். எனக்கு என் பாஷையில் விளங்கியது, எண்ணெய்தான் லொறி, பொட்டுத்தான் தண்ணீர். தண்ணீரை இறக்கிவிட்டு வெறும் லொறியை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறோம்.

அவர் எல்லாவற்றையும் செய்து காட்டினார். குப்பியை உள்ளங்கைகளுக்குள் வைத்து, உடம்புச் சூட்டுக்கு வரும் வரைக்கும் உருட்ட வேண்டும். எண்ணெய் சூடானால்தான் இளகும். பிறகு பலமாகக் குலுக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். அடியில் ஒரு துளி பொட்டும் ஒட்டியிருக்கக் கூடாது, எல்லாம் சமமாகக் கலங்கியிருக்க வேண்டும். உடைத்தவுடன் இழுத்துப் போட வேண்டும், வைத்திருந்தால் திரும்ப அடியில் இறங்கிவிடும். சிறிஞ்சைக் கொதிக்க வைத்தால் நன்றாகக் காய வேண்டும், எண்ணெய் மருந்துக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் சேரக் கூடாது. ஒரே இடத்தில் போடாமல் வலம் இடம் மாற்றிப் போட வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார். அதை இரண்டு தரம் சொன்னார். தாகம் திரும்பி வந்து, மூத்திரம் திரும்பக் கூடுகிறவரைக்கும் அடுத்த ஊசி போடக் கூடாது. நாள் பார்த்துப் போடுகிற மருந்து இல்லை இது. மருந்து உள்ளே இருக்கும்போது மேலால் இன்னொன்றைப் போட்டு, பழக்கத்தில் தண்ணீரையும் குடித்தால், வெளியே போக வழியில்லாமல் தண்ணீர் உடம்பிலேயே தங்கி மூளையைத் தாக்கும்.

எல்லாவற்றையும் அன்றே ஒரு கசெட்டில் பேசினேன். என் பிழையையும் சொன்னேன். இரண்டாம் பெட்டியோடு அது போனது. டிஸ்பென்சர் ஐயா எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். வாசிக்காத மருந்தை ஏற்றியது தன்னுடைய பிழை, இனி ஒரு காலமும் தாள் பார்க்காமல் போடமாட்டேன் என்று. அந்தக் கடிதம் இன்னும் என் குர்ஆன் வைக்கிற தட்டில் இருக்கிறது. பிழையை ஒத்துக்கொள்கிற மனிதர்களை எனக்குப் பிடிக்கும்.

இப்போது மாமிக்கு ஒரு சிக்கல். எவ்வளவு நேரம் உருட்டுவது? வீட்டு மணிக்கூடு நின்று போய்ப் பல காலம். மாமி அவரே ஒரு கணக்கு வைத்தார். குப்பியைக் கைக்குள் பொத்தி உருட்டிக்கொண்டே நூறு ஸலவாத்து ஓதுவது. ஐம்பதில் ஒரு தரம் குலுக்குவது. நூறில் பலமாகக் குலுக்கி வெளிச்சத்தில் பார்ப்பது. அவசரக்காரருடைய கையும் அந்த நூறுக்குள் நிதானமாகிவிடும் என்பார். முதல் ஊசி சரியாகப் போட்ட அன்று சல்மா பகல் முழுக்கத் தண்ணீர் கேட்கவில்லை. மாமி கூசாவை எட்டி எட்டிப் பார்த்தாராம். அது நிறைந்தபடி இருந்ததாம்.

5

அந்த வருஷ நோன்புக்கு எனக்கு லீவு கிடைத்தது. வீடு சந்தோஷமாக இருந்தது. ஆனால் சல்மாவுக்கு ஒரு மனக்குறை. இரண்டு வருஷமாக அவள் நோன்பு பிடிக்கவில்லை. விடியுமுன் ஸஹருக்கு எல்லோரையும் எழுப்பிச் சோறு கொடுத்துவிட்டு, பகலில் அடுப்படி மூலையில் போய் மறைந்து தண்ணீர் குடிப்பாள். நோயாளிக்குக் கடமை இல்லை, பதிலுக்கு ஏழைக்கு ஃபித்யாச் சாப்பாடு கொடுத்தால் போதும் என்று பள்ளி மௌலவி சொன்னார். அல்லாஹ் தந்த சலுகையை வாங்கிக்கொள் என்று நானும் சொன்னேன். தலையாட்டினாள். ஆனால் விசேஷமான இருபத்தேழாம் நோன்பையாவது பிடிக்க வேண்டும் என்று தன் உம்மாவிடம் சொல்லியிருக்கிறாள்.

இருபத்தாறாம் நாள் நான் நாவிதன்வெளிக்கு வயல் காரியமாகப் போயிருந்தேன். முதல்நாள்தான் ஒரு ஊசி போட்டிருந்தது. டிஸ்பென்சர் ஐயா வந்திருக்கிறார். தாகம் வந்ததா என்று கேட்டிருக்கிறார். வந்தது என்று மாமி சொல்லியிருக்கிறார். ஐயா இன்னொன்று போட்டுவிட்டுப் போய்விட்டார், எனக்கு அது தெரியாது. அடுத்த நாள் சல்மா நோன்பு பிடித்தாள். பகல் முழுக்க நன்றாக இருந்தாள், முகத்தில் ஒளி. எனக்கே பெருமையாக இருந்தது. மஃரிபுக்கு நோன்பு துறந்தாள். தாகம் இல்லை. ஆனால் பயம் இருந்தது, ஒரு வருஷத்துக்கு மேல் தாகத்தோடு கிடந்த பயம். இளநீர், கஞ்சி, சர்பத், பிறகு கூசாத் தண்ணீர். ஸஹருக்கும் அப்படியே குடித்து நிரப்பிவிட்டாள்.

ஸுபஹ் தொழுதுவிட்டு வந்தேன். தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். குடித்ததையெல்லாம் சத்தி எடுத்தாள். என்னை அவளுடைய மூத்த சகோதரனான காக்காவின் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். சிஸ்டர் இரண்டு தரம் சொன்ன சொல் அப்போது என் காதில் திரும்பக் கேட்டது. மோட்டார்க் கார் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். எத்தனை ஊசி, எப்போது என்று வைத்தியர் கேட்டார். ஒன்று என்றேன். மாமி என் பின்னால் நின்று அழத் தொடங்கினார்.

"ரெண்டு டொக்டர். தாகம் வந்திட்டு எண்டு நான்தான் ஐயாட்ட பொய் சொன்ன. புள்ள இருவத்தேழாம் நோன்பயாச்சும் புடிக்கட்டும் எண்டு நெனச்ச."

அந்த ஒரு உண்மைதான் சல்மாவைக் காப்பாற்றியது என்று வைத்தியர் பிறகு சொன்னார். இல்லையென்றால் வேறு ஏதோ என்று நினைத்துத் தண்ணீரும் சேலைனும் ஏற்றியிருப்பார்களாம். தண்ணீரை நிறுத்தினார்கள். ஊசியை நிறுத்தினார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் போத்தல் வைத்து மூத்திரத்தை அளந்தார்கள். நானும் மாமியும் கட்டிலின் இரு பக்கமும் இருந்து யாஸீன் ஓதினோம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நான் அவருக்கு ஏசவில்லை. என்ன சொல்லி ஏசுவது? முதல் பெட்டியை நான் பாழாக்கினேன், இதை அவர். இரண்டு பேரும் அன்பில்தான் செய்தோம்.

அடுத்த நாள் அஸருக்குச் சல்மா கண்ணைத் திறந்து என்னைச் சரியான முறையில் கூப்பிட்டாள்.

"மச்சான், தாகமா இரிக்கி."

அந்தச் சொல்லைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று ஒரு காலமும் நினைத்ததில்லை. தாகம் திரும்பிவிட்டது. மருந்து இறங்கிவிட்டது. மாமி ஆஸ்பத்திரித் தரையிலேயே ஸுஜூதில் விழுந்தார்.

அன்றிலிருந்து மாமியைப் போல ஒரு காவல்காரி கிடையாது. ஊசி நாள் வந்தால் அவரே விசாரணை பண்ணுவார். எத்தனை தரம் வெளியே போனாய், எத்தனை பேணி குடித்தாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். சல்மா சலித்துப்போய், வந்துவிட்டது என்று சொன்னாலும் நம்பமாட்டார். "தாகம் தன்பாட்டுல வரட்டும். நாம போய்க் கூப்புடப்படாது" என்பார். சல்மாவும் அடங்கிவிட்டாள். ஒவ்வொரு நோன்புக்கும் ஃபித்யா கொடுக்கிறாள். இங்கே வந்த பிறகும் நோன்பு துறக்கிற நேரத்தில் ஒரு பானை கஞ்சி காய்ச்சி, தொழிலாளர் முகாமுக்கு என் லொறியில் அனுப்புவாள். அதுவும் நோன்புதான் என்று அவளுடைய மனம் ஏற்றுக்கொண்டது.

குடும்ப விசா கிடைத்து அவர்கள் இங்கே வரும்போது மாமி ஒரு கசெட் கொடுத்தார். போட்டுப் பார்த்தால், அவருடைய குரலில் நூறு ஸலவாத்து. நான் உருட்டும்போது போடுவதற்காம். இடையில் எனக்கு ஏச்சும் உண்டு. முதல் வருஷம் முழுக்க அதைப் போட்டுத்தான் உருட்டினேன். பிறகு கைக்குப் பழகிவிட்டது. கசெட் அலுமாரிக்குள் போய்விட்டது.

6

முதலாளியின் கடிதத்தோடு கந்தோருக்குத் திரும்பி வந்தபோது அங்கே வேறு ஒருவர் இருந்தார். அவருக்கு அந்தக் கடிதமே தேவைப்படவில்லை. அட்டையைப் பார்த்தார், முத்திரை குத்தினார், தந்தார். அவ்வளவுதான். கடவுச்சீட்டு, அட்டை, கடிதம் எல்லாவற்றையும் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தேன். மூன்றாம் மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை.

இரண்டாம் மாடிப் படியில் ஏறும்போதே கேட்டது. மாமியின் குரல்.

"... முப்பத்தொம்பது. நாப்பது. கையை எடுக்காதீங்க மருமகன். ஒங்கட கை எந்த நேரமும் குளிர்ந்த கை..."

கசெட். பழசாகி இழுபட்ட கசெட்டின் கிறீச் கிறீச். என் வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்துதான் வந்தது. ஸலவாத்தை மாமி சொல்லச் சொல்ல, அவருக்குப் பின்னால் இன்னொரு குரலும் சேர்ந்து சொன்னது. இளம் குரல். அரபு எழுத்துகளை எங்களைவிடத் திருத்தமாகச் சொல்கிற குரல்.

மணியை அமுக்கப் போன கையை இறக்கினேன். கதவைத் திறந்தால் அவள் குப்பியைக் கீழே வைப்பாள், கணக்கு விட்டுப்போகும். நான் போய் வாங்கிச் செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை. வாசற்படியிலேயே நின்றேன். ஐம்பதில் மாமி குலுக்கச் சொன்னார், உள்ளே சத்தம் நின்று திரும்பத் தொடங்கியது. எழுபது. எண்பது. மேல்மாடிப் பிலிப்பைன்ஸ்காரி ஒருத்தி இறங்கி வந்தாள், சாவி மறந்துவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். என் கண்ணைப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள்.

நூறு. கசெட் நிறுத்துகிற சத்தம்.  வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். பிறகு சின்னதாக டிக் என்று கண்ணாடி உடைகிற சத்தம். பிறகு சல்மாவின் "ஸ்ஸ்" என்ற மூச்சு. அவள் இங்கே வந்த நாளிலிருந்து என் கைக்குக் கீழே கேட்ட அதே மூச்சு.

அப்போதுதான் மணியை அடித்தேன்.

நுஸ்ரத் கதவைத் திறந்தாள். கையில் வெறும் குப்பி. நான் கேட்பதற்கு முன்பே அதைத் தலைகீழாக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பாருங்க வாப்பா. மண்டி இல்ல. தாகம் வந்த மறுகாதான் குத்தின. வலது பக்கம். போன முறை நீங்க இடது பக்கம் போட்ட. சிறிஞ்ச் காஞ்சா எண்டும் பார்த்த."

'யா' இல்லை. 'ஐ நோ' இல்லை. மாமி கதைக்கிற கதை, ஒரு சொல் பிசகாமல். எங்கே படித்தாய் என்று கேட்டேன். எப்போதாவது வேண்டிவரும் என்று அலுமாரியில் இருந்து எடுத்துக் கேட்டு வைத்திருந்தாளாம். என் கை பார்த்துப் பார்த்து மற்றது தெரிந்ததாம். போன மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது சிஸ்டரிடம் ஒரு தோடம்பழத்தில் குத்திக் காட்டி, சரிதானா என்றும் கேட்டிருக்கிறாள். எனக்கு யாரும் சொல்லவில்லை. கிறீச் கிறீச் என்று காதைக் குத்தவில்லையா என்று கேட்டேன்.

"குத்துது. அதுக்கெண்டு உம்மாக்கு வெறும் எண்ணெயவா குத்துற?"

மூக்கில் விடுகிற புது மருந்து வந்திருக்கிறதாம், ஊசியே தேவைப்படாதாம், அதைப் பற்றி அடுத்த கிழமை வைத்தியர் கதைக்க இருக்கிறார். வரட்டும், அதன் தாளையும் முதலில் வாசிப்போம். ஊரில் யார் வீட்டிலாவது இப்படி எண்ணெய் ஊசி இருந்தால், வைத்தியர் சொல்வதைக் கேட்டு, தாளைப் பத்திரமாக வைத்து, அடியில் இருப்பதைப் பாருங்கள். அதுதான் மருந்து.

அன்று மஃரிபுக்குப் பிறகு சல்மா குசினியில் கறிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். மேசையில் மூக்குப்பேணி நிறையத் தண்ணீர் இருந்தது. யாரும் தொடவில்லை.